வீட்டுத்தோட்டத்து எள்: எது கெட்டால் எங்கே பார்ப்பது

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தி போட இடம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாம் கைக்கு வந்தவர்கள்கூட எள்ளில் சறுக்குகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: மிளகாய்க்குக் காட்டும் அக்கறையை எள்ளுக்கும் காட்டிவிடுகிறார்கள். தினமும் தண்ணீர், வாரம் ஒரு கரைசல், கிடைத்த இடத்தில் எல்லாம் செடி. எள் மானாவாரியில் பழகிய பயிர். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பகுதி அந்த அதிகப்படி கவனிப்பில் பிறந்தவை.

நிலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. கேரளாவில் கரிசல் மண் இருப்பதே நம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில்தான். கேரளத்தில் எள் என்றால் ஆலப்புழா, கொல்லம் கடலோரத்து ஓணாட்டுக்கரையைச் சொல்வார்கள். அந்த எள்ளுக்குப் புவிசார் குறியீடுகூட இருக்கிறது. ஆனால் அது மணல் நிலம். ஊற்றிய தண்ணீர் அங்கே நிற்காது. காயங்குளம் 1, திலக் போன்ற ரகங்கள் அங்கத்திய நெல் அறுத்த வயலை நினைத்து வந்தவை. நம் கரிசலுக்குத் திண்டிவனத்து டி.எம்.வி. 7, வெள்ளை எள் வேண்டுமென்றால் எஸ்.வி.பி.ஆர். 1, இந்த இரண்டில் ஒன்றைப் போடுவது நல்லது என்பது என் கருத்து. இரண்டும் 75 முதல் 85 நாளுக்குள் முடிந்துவிடும்.

விதைத்து ஒரு வாரம் ஆகியும் முளைப்பு இல்லை

மண்ணில் சூடு இருந்தால் எள் நாலைந்து நாளில் தலைகாட்டிவிடும். ஒரு வாரம் தாண்டினால் மண்ணை லேசாகக் கிளறி விதையைத் தேடுங்கள்.

விதை இருக்கிறது, முளைவிட்டு வளைந்து கிடக்கிறது என்றால் ஆழம் அதிகம், அல்லது மேல்மண் இறுகிவிட்டது. எள்ளை இரண்டு செ.மீ.க்குக் கீழே போடக்கூடாது. கரிசலில் விதைத்த மறுநாள் ஒரு மழை பெய்து வெயில் அடித்தால் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். அந்த முளைக்கு அதை உடைக்கும் தெம்பு கிடையாது. பூவாளியில் மெல்லத் தண்ணீர் தெளித்து ஓட்டை இளக்குங்கள். குழாயைத் திறந்துவிட்டால் இருக்கிற விதையும் ஒரு மூலைக்கு அடித்துப் போய்விடும்.

விதை முளைக்காமல் அப்படியே கிடந்தால் விதையிலேயே குறை. ஈரத்துணியில் இருபது விதையை மடித்து வைத்துப் பாருங்கள். மளிகைக்கடையில் வாங்கிய தோல் நீக்கிய வெள்ளை எள்ளை விதைத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. அது முளைக்காது. தோலோடு இருக்கும் கறுப்பு எள், பழையதாக இல்லாவிட்டால், பெரும்பாலும் முளைக்கும். ஆனால் என்ன ரகம், எத்தனை நாள் என்று தெரியாமல் வளர்ப்பீர்கள்.

விதையே காணோம் என்றால் எறும்பு. பாத்தி ஓரத்தில் சாரி போகிறதா பாருங்கள். அடுப்புச் சாம்பலைச் சுற்றித் தூவி, மறுபடி விதையுங்கள்.

திட்டுத்திட்டாக முளைத்தால் தூவிய கைதான் காரணம். 100 சதுர அடிக்கு ஐந்து கிராம் விதை போதும். ஏறக்குறைய ஒன்றரைத் தேக்கரண்டி. அதை அப்படியே சீராகத் தூவ யாராலும் முடியாது. விதையைப்போல் நாலு மடங்கு காய்ந்த மணலைக் கலந்துகொண்டு தூவுங்கள்.

முளைத்தது, ஆனால் வளரவே மாட்டேன் என்கிறது

முதல் மூன்று நாலு வாரம் எள் அப்படித்தான் இருக்கும். அந்த நாட்களில் வேர்தான் கீழே போகிறது. இந்த நேரத்தில் பயந்துபோய் உரம் கொட்டாதீர்கள். செய்ய வேண்டியது இரண்டு: களை எடுப்பது, கலைப்பது.

களையைவிடக் கலைப்புதான் வீட்டுத்தோட்டக்காரர்களுக்குக் கடினம். முளைத்த செடியைப் பிடுங்க மனம் வருவதில்லை. 15ஆம் நாள் செடிக்குச் செடி 15 செ.மீ., 30ஆம் நாள் 30 செ.மீ. இடைவெளி வரும்படி பிடுங்கிப் போடத்தான் வேண்டும். அப்படிச் செய்தால் 100 சதுர அடியில் சுமார் நூறு செடி நிற்கும். முந்நூறு செடி நின்றால் எல்லாம் குச்சிபோல் மேலே போகும், பக்கக்கிளை விடாது, உச்சியில் ஏழெட்டுக் காயோடு நின்றுவிடும். பிடுங்கியதை வேறு இடத்தில் நட்டுப் பிழைக்க வைக்கலாமே என்று கேட்பார்கள். ஆணிவேர் அறுந்த எள் தேறுவது அபூர்வம், தேறினாலும் பின்தங்கிவிடும். அதே காரணத்தால் நாற்றுத்தட்டில் வளர்த்து நடுவதும் வீண்வேலை.

இலை வெளுத்து, அடியிலை மஞ்சளாகி, செடியும் குட்டையாக இருந்தால் அது மெய்யான பசி. விதைக்கும் முன்பே 100 சதுர அடிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ மக்கிய தொழுவுரம் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினை வராது.

செடி வாடுகிறது

இங்கேதான் அவசரப்பட்டு வாளியைத் தூக்குகிறார்கள். முதலில் எந்த நேரத்தில் வாடுகிறது என்று கவனியுங்கள்.

உச்சிவெயிலில் தொங்கி, சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் ஒன்றும் இல்லை. பங்குனி வெயிலில் எந்தச் செடியும் அப்படித்தான் செய்யும். காலை ஏழு மணிக்கே தொங்கிக்கொண்டிருந்தால் விரலை மண்ணில் விட்டுப் பாருங்கள். இரண்டு விரற்கடைக்குக் கீழும் காய்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள்.

மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால், பாத்தி முழுக்க ஒரே மாதிரி மஞ்சள் தட்டி நின்றால், வேர் மூச்சு முட்டுகிறது. எள்ளுக்குத் தண்ணீர் தேங்கவே கூடாது. கரிசலில் ஒரு நாள் தேங்கினாலும் செடி காட்டிக்கொடுத்துவிடும். பாத்தி ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் கீறி வடித்துவிடுங்கள். அடுத்த தடவை மேட்டுப்பாத்தி போட்டு விதையுங்கள். மொத்தத்தில் எள்ளுக்கு விதைக்கும்போது ஒரு தண்ணீர், ஏழாம் நாள் உயிர்த்தண்ணீர், பூக்கும்போது ஒன்று, காய் பிடிக்கும்போது ஒன்றோ இரண்டோ. மணல் கலந்த செம்மண்ணாக இருந்தால் இடையில் கூட்டிக்கொள்ளலாம். 65 நாளுக்குமேல் நிறுத்திவிட வேண்டும். கத்தரிக்கும் எள்ளுக்கும் ஒரே சொட்டுக்குழாய் போட்டிருந்தால் எள் பாத்திக்குத் தனி வால்வு வையுங்கள்.

மூன்றாவது வகை: பாத்தியில் அங்கொன்று இங்கொன்றாகச் செடி காய்கிறது, பக்கத்துச் செடி பச்சையாக நிற்கிறது. காய்ந்ததைப் பிடுங்கிப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் கையோடு வந்து, அடித்தண்டு கறுத்து, பட்டை நார்நாராக உரிந்து, உள்ளே கரித்தூள் தூவியதுபோல் சின்னச்சின்னப் புள்ளி இருந்தால் அது வேரழுகல். மண்ணில் வாழும் பூஞ்சை. வெயிலும் வறட்சியும் சேரும்போது அதற்குக் கொண்டாட்டம். நோய் வந்த பிறகு செடியைக் காப்பாற்ற வழியில்லை. பிடுங்கி எரியுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். தடுப்பு விதையிலேயே தொடங்குகிறது: ஒரு கிலோ விதைக்கு நாலு கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப்பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையின் தூள்) என்பது கணக்கு. நம் ஐந்து கிராம் விதைக்கு ஒரு சிட்டிகை தூவிப் புரட்டினால் ஆயிற்று. மிச்சப் பொட்டலத்தைத் தொழுவுரத்தில் கலந்து பாத்தியில் இடுங்கள். கிருஷி பவனில் (அரசு வேளாண் அலுவலகத்தில்) கேட்டால் எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். இந்தப் பூஞ்சை நிலக்கடலை, தட்டைப்பயறு எல்லாவற்றையும் பிடிக்கும் என்பதால் எள் அழுகிய பாத்தியில் அடுத்துத் தட்டை போட்டு நிலைமையை மோசமாக்க வேண்டாம்.

நுனி இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு சுருண்டிருக்கின்றன

பிரித்துப் பாருங்கள். உள்ளே வலை பின்னி ஒரு பச்சைப்புழு இருக்கும். எள்ளில் மிகச் சாதாரணமான பூச்சி இதுதான். சின்னச் செடியில் கொழுந்தைத் தின்னும், பூக்கும்போது மொட்டைத் தின்னும், கடைசியில் காயைத் துளைத்து உள்ளே போய்விடும். காய்க்குள் போனபின் எதுவும் செய்ய முடியாது. அதனால் இளஞ்செடியிலேயே கவனிக்க வேண்டும். நூறு செடிதானே, காலையில் ஒரு சுற்று நடந்து, ஒட்டிய நுனிகளை விரலால் நசுக்கிவிடலாம். அதுவும் போதாவிட்டால் 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைத்துச் சாயங்காலம் தெளியுங்கள். காலையில் பூவுக்குத் தேனீ வரும். அந்த நேரத்தில் எதையும் தெளிக்காதீர்கள்.

இலையே இல்லாமல் காம்பு மட்டும் நிற்கிறது என்றால் கொம்புப்புழு. விரல் பருமனில், வாலில் கொம்போடு, பார்க்கப் பயங்கரமாக இருக்கும். கடிக்காது. ஒன்றிரண்டுதான் இருக்கும், எடுத்துக் கோழிக்குப் போடுங்கள்.

பூ வரவேண்டிய இடத்தில் பச்சைத் தழை

நுனியில் பூவே இல்லை. பூ இருக்க வேண்டிய இடத்தில் குட்டிக்குட்டி இலைகள் கொத்தாகப் பிடித்து, செடி துடைப்பம்போல் நிற்கும். சிலர் நன்றாகத் தழைக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். இது பூவிலை நோய். தத்துப்பூச்சி ஒரு செடியில் சாறு உறிஞ்சி அடுத்த செடிக்குக் கொண்டுபோகிறது. வந்த செடி காய்க்காது, மருந்தும் கிடையாது. பார்த்த அன்றே பிடுங்குங்கள். அது நிற்கும் ஒவ்வொரு நாளும் பக்கத்துச் செடிகளுக்கு ஆபத்து. தடுப்புக்குத் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஆறு வரிசை எள்ளுக்கு ஒரு வரிசை துவரை. வீட்டுப் பாத்தியிலும் அது கைக்கு அடக்கம்தான். துவரையும் கிடைத்த மாதிரி.

பூ கொட்டுகிறது

எள்ளுப்பூ விடியற்காலையில் விரிந்து அன்று சாயங்காலமே கழன்று விழும். அது அதன் இயல்பு. விழுந்த பூவைப் பார்க்காமல், அது இருந்த கணுவைப் பாருங்கள். அங்கே பச்சையாக ஒரு சின்ன முளை நின்றால் அதுதான் காய். கணு வெறுமையாக இருந்தால்தான் குறை.

வெறுமைக்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. ஒன்று நிழல்: தென்னைக்கு அடியில் எள் போட்டால் செடி வரும், காய் வராது. இரண்டாவது தழைச்சத்து: கோழி எருவோ யூரியாவோ அதிகம் போன பாத்தியில் செடி ஆள் உயரம் போய், இலை கையகலம் இருந்து, காய் எண்ணும்படி இருக்கும். மூன்றாவது வெப்பம். பாலக்காட்டு ஏப்ரல் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை; 2016இல் மலம்புழாவில் 41.9 டிகிரி வரை போனது. அந்த வெயிலில் பூத்தால் காய் பிடிப்பது குறையும்.

மொட்டு விரியாமலே உருண்டு தடித்துக் கொப்புளம்போல் இருந்தால் கொப்புள ஈ. அப்படிப்பட்ட மொட்டுகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள்.

காற்றில் சாய்ந்துவிட்டது

பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருப்பவர்களின் தலையெழுத்து இது. ஆடியில் மேற்குக்காற்று, மார்கழி, தையில் கிழக்குக்காற்று. 30ஆம் நாள் இரண்டாவது தடவை கலைக்கும்போதே அடித்தண்டுக்கு மண் அணையுங்கள். வேலி ஓரமாக ஒரே நீள வரிசையில் விதைக்காமல் சதுரப் பாத்தியில் விதைத்தால் ஒன்றை ஒன்று தாங்கிக்கொள்ளும். சாய்ந்த செடியை நிமிர்த்தியே தீர வேண்டும் என்பதில்லை. வேர் அறுபடாமல் இருந்தால் நுனி தானாக மேல்நோக்கித் திரும்பும்.

இந்தக் காற்றையும் வெயிலையும் மழையையும் வைத்துப் பார்த்தால் நம் பக்கத்துக்குப் பொங்கல் கழிந்த கையோடு விதைப்பது சரியாக வருகிறது. முளைக்கப் போதுமான சூடு மண்ணில் இருக்கும். உச்ச வெயிலுக்கு முன்பே பெரும்பாலான பூ காயாகிவிடும். ஏப்ரல் முதல் பாதியில் வெட்டிவிடலாம். மாசிக்குத் தள்ளினால் உலர்த்தும்போது கோடை இடிமழையில் மாட்டிக்கொள்வீர்கள். அதையும் தாண்டினால் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, வந்துவிடும்.

இலையில் வெள்ளைப் பொடி, பழுப்புப் புள்ளி

கடைசி இருபது நாளில் வந்தால் கண்டுகொள்ள வேண்டாம். அதற்கு முன் என்றால் அடியிலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் கொடுங்கள். சாம்பல் நோய்க்கு நனையும் கந்தகம் கேட்கும், ஆனால் கடும் வெயிலில் அடித்தால் இலை கருகும்.

காய் வெடித்து எள் எல்லாம் மண்ணில்

இது எள்ளின் குணம். கீழ்க்காய் முற்றும்போது நுனியில் இன்னும் பூ இருக்கும். எல்லாம் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் அடிக்காயில் இருக்கும் நல்ல விதை முழுக்க மண்ணுக்குப் போய்விடும். நுனிக்காய்களை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

எப்போது வெட்டுவது? இலையில் கால்பங்கு உதிர்ந்திருக்கும், அடிக்காய்கள் மஞ்சள் தட்டியிருக்கும். அப்புறம் அடியிலிருந்து பத்தாவது காயைப் பிரித்துப் பாருங்கள். கறுப்பு ரகத்தில் விதை நிறம் ஏறிவிட்டிருந்தால் அன்றே அரிவாளை எடுக்கலாம். வெள்ளை ரகத்தில் விதை பால் தன்மை போய் இறுகியிருக்க வேண்டும். அடியில் ஒரு காய் வாய் திறந்துவிட்டது என்றால் ஏற்கெனவே தாமதம்தான்.

காலையில், பனி ஈரம் காயும் முன் வெட்டுங்கள். அந்த ஈரத்தில் காய் சட்டென்று வாய் பிளக்காது. காய் நுனிப்பக்கம்தான் பிளக்கும். ஆகவே செடி நிமிர்ந்திருக்கும்வரை எள் உள்ளேயே நிற்கும், படுத்தால் கொட்டும். வெட்டியதிலிருந்து உதறும்வரை இதை நினைவில் வைத்தால் பாதி நஷ்டம் தவிரும். தோளில் படுக்கப்போட்டுக் கொண்டுபோகிற வழியெல்லாம் எள் இறைபடுவது இதனால்தான்.

வயல்காரர்கள் வெட்டிய செடியை அடி வெளியே, நுனி உள்ளே வரும்படி வட்டமாகப் போர் போட்டு, மேலே வைக்கோல் மூடி மூன்று நாள் விடுவார்கள். உள்ளே சூடேறி இலை கறுத்துக் கழன்றுவிடும், பச்சைக்காயும் பழுத்துவிடும். நூறு செடிக்குப் போர் நிற்காது. சிறு கத்தைகளாகக் கட்டி, தார்ப்பாய் விரித்து, சுவரோரமாக நெருக்கி நிமிர்த்தி வைத்து, பழைய சாக்கால் மூடுங்கள். மூன்று நாளுக்குமேல் மூடி வைக்காதீர்கள். புளித்த வாடை வந்தால் உடனே பிரித்து வெயிலில் நிறுத்துங்கள். பூசணம் பிடித்த எள் கசக்கும், அதைத் திருத்த முடியாது.

அப்புறம் வெயில். கத்தைகளை நிமிர்த்தியே காயவைத்து, சாயங்காலம் தார்ப்பாய் மேல் தலைகீழாகப் பிடித்துக் குச்சியால் லேசாகத் தட்டினால் பொலபொலவென்று கொட்டும். முக்கால்வாசி முதல் தட்டிலேயே வந்துவிடும். மிச்சத்துக்கு இன்னும் இரண்டு நாள் காயவைத்துத் தட்டுங்கள். அடித்துத் துவைக்க வேண்டாம். காய்த்தோலும் குச்சியும் தூளாகி எள்ளோடு கலந்துவிட்டால் முறத்தில் பிரிப்பது தலைவேதனை.

எள்ளில் கல், சப்பை, கசப்பு

சப்பையும் வெளிறிய விதையும் நுனிக்காய்களிலிருந்து வந்தவை. முறத்தில் புடைத்தால் போய்விடும். மண்ணும் கல்லும் புடைத்துப் போகாது, தண்ணீரில் அரித்துத்தான் எடுக்க வேண்டும். உழக்கு உழக்காக அரித்து, துணியில் வடித்து, அன்றே நல்ல வெயிலில் பரப்புங்கள். ஈரத்தோடு ஒரு இரவு வைத்தால் முளைக்கவோ சிக்கு வாடை பிடிக்கவோ தொடங்கும். சேமிக்கும் எள்ளில் ஈரம் ஐந்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். வீட்டில் அளக்கும் கருவி பல்தான். கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும், நசுங்கக் கூடாது. எள்ளுதான் எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயுது என்ற பழமொழி எங்கே பிறந்திருக்கும் என்று ஒரு நாள் மொட்டைமாடியில் எள் காயவைத்தாலே புரியும். மேலே வலை போடுங்கள்.

எள் ரொம்பக் கொஞ்சம்தான் கிடைத்தது

எவ்வளவு எதிர்பார்த்தீர்கள்? 100 சதுர அடியில் நன்றாக விளைந்தால் அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ. அதற்குக் கிட்டத்தட்ட வந்திருந்தால் உங்கள் வெள்ளாமையில் குறை இல்லை. ஒரு கிலோவும் இரண்டு கிலோவும் எதிர்பார்த்து ஏமாந்தால் அது எள்ளின் பிழை அல்ல.

வீட்டு எல்லைக்குள் எள் விதைக்கலாமா, அது காரியத்துக்கு இறைக்கிற பொருளாச்சே என்று அக்கம்பக்கத்தில் பெரியவர்கள் யாராவது கட்டாயம் கேட்பார்கள். எனக்குத் தெரிந்த பதில் ஓர் எள்ளுருண்டையைக் கையில் கொடுப்பதுதான்.

அடுத்த வருஷத்து விதைக்கு நோய் எட்டிப் பார்க்காத பத்துச் செடியைத் தனிக்கத்தையாகக் கட்டி, அடிக்காய் விதையை மட்டும் எடுத்து வையுங்கள். மிச்சத்தைச் செக்குக்குக் கொண்டுபோகும் ஆசை எல்லோருக்கும் வரும். எள்ளில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். ஆனால் செக்கு ஒரு ஓட்டம் ஓடப் பல கிலோ எள் வேண்டும், முக்கால் கிலோவை உரலில் போட்டால் அது உரலுக்கே பூசிக்கொள்ளும். பக்கத்து நாலைந்து வீட்டு எள்ளைச் சேர்த்தால் ஆட்டலாம். இல்லாவிட்டால் இட்லிப்பொடிக்கும், கருப்பட்டி போட்டு இடிக்கவும் அந்த அளவு சரியாக இருக்கும்.